துறைக்கென்று ஒரு விக்கி: அட்டவணை, ஆய்வகம், பாடக்குறிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் வேலை செய்கிறேன். எங்கள் துறையின் கால அட்டவணை, ஆய்வக முறை, பாடக்குறிப்பு எல்லாம் ஒரு விக்கியில், அதாவது பலர் சேர்ந்து உலாவியிலேயே எழுதித் திருத்தும் தளத்தில், இருக்கின்றன. பேப்பர் திருத்தும் முகாம்களில் பிற கல்லூரி நண்பர்களைப் பார்க்கும்போது இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அந்தக் கேள்விகளும் என் பதில்களும் இவை. நாங்கள் வைத்திருப்பது டோக்குவிக்கி என்ற விக்கி மென்பொருள் என்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் அதிலிருந்தே வரும். பள்ளி ஆசிரியர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். ஹவர் என்று வரும் இடத்தில் பீரியட் என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

விக்கி என்றால் விக்கிப்பீடியாதானே? நம் டைம்டேபிளை அதில் போட விடுவார்களா?

விட மாட்டார்கள், போடவும் கூடாது. விக்கிப்பீடியா ஒரு கலைக்களஞ்சியம். விக்கி என்பது அது இயங்கும் முறை. வார்டு கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர் 1995 மார்ச் 25 அன்று முதல் விக்கியை இணையத்தில் ஏற்றினார். மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் அனுபவக் குறிப்புகளை ஒன்றாகச் சேர்த்து வைப்பதற்காக அதை உருவாக்கினார். விக்கிப்பீடியா 2001-ல்தான் வந்தது. ஒரே தொழிலில் இருக்கும் சிலர் தங்களுக்குள் குறிப்பு எழுதி வைப்பதே விக்கியின் முதல் வேலை. நாம் செய்யப்போவதும் அதுதான்.

நமக்குத் தேவையான குணங்கள் அதில் மூன்று இருக்கின்றன. பக்கத்தை உலாவியிலேயே திறந்து திருத்தலாம். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது தானாகப் பதிவாகும். பழைய வடிவம் அழியாது. பக்கத்தின் பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதினால் அதுவே இணைப்பாகிவிடும். இன்னும் எழுதாத பக்கத்துக்கும் இப்படி இணைப்பு கொடுத்துவிட்டு, அப்புறம் நேரம் கிடைக்கும்போது எழுதலாம்.

எல்லாரும் வாட்ஸ்அப் குழுவில்தான் இருக்கிறோம். அது போதாதா?

சொல்வதற்குப் போதும், வைத்திருப்பதற்குப் போதாது. செமஸ்டர் ஆரம்பத்தில் டைம்டேபிள் பிடிஎஃப் வரும். இரண்டு நாளில் ‘ஃபைனல்’ என்று ஒன்று வரும். அப்புறம் ‘ஃபைனல் நியூ’. ஒருவர் முதலாவதை பிரிண்ட் எடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்பார், இன்னொருவர் மூன்றாவதை வைத்திருப்பார். நவம்பரில் இருவரும் ஒரே ஆய்வகத்தின் வாசலில் மாணவர்களோடு நிற்பார்கள். இதில் யார் தவறும் இல்லை. குழுவில் எது கடைசி என்று சொல்லும் இடம் கிடையாது.

இன்னொரு சிக்கல், நடுவில் சேருபவர்கள். செமஸ்டர் பாதியில் வரும் கெளரவ விரிவுரையாளருக்குக் குழுவின் பழைய செய்திகள் தானாகக் கிடைக்காது. முந்தைய ஆசிரியர் மூன்றாம் யூனிட்டில் எதுவரை நடத்தினார், எந்தக் கணக்குகளைக் கொடுத்தார் என்று ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்க வேண்டியிருக்கும்.

வாட்ஸ்அப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. விவரம் விக்கியில் இருக்கட்டும், அதன் இணைப்பு மட்டும் குழுவில் போகட்டும். ஒரு தகவலுக்கு ஒரே பக்கம். மற்ற இடங்களிலெல்லாம் அதற்கு இணைப்பு. கோப்பையோ படத்தையோ குழுவில் போட ஆரம்பித்தால் மறுபடியும் ‘ஃபைனல் நியூ’தான்.

சரி, கூகுள் ஷீட் இருக்கிறதே?

வெறும் அட்டவணைக்கு ஷீட்தான் நல்லது. இதில் வாதாட ஒன்றுமில்லை. கூட்டல் வேண்டும், வரிசைப்படுத்த வேண்டும், பத்துப் பேர் ஒரே நேரத்தில் தட்ட வேண்டும் என்றால் ஷீட்டுக்குப் போங்கள். விக்கி தேவைப்படுவது அட்டவணையைச் சுற்றி எழுத்தும் இணைப்பும் இருக்கும்போது. ‘மூன்றாம் டே ஆர்டர், நான்காம் ஹவர், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப்’ (டே ஆர்டர் என்றால் என்ன என்பது அடுத்த கேள்வியில்) என்ற கட்டத்தைத் தட்டினால் அந்த லேபின் பயிற்சிப் பட்டியலுக்கும், அங்கிருந்து பயிற்சிக்கும், அங்கிருந்து போன வருட வைவா கேள்விகளுக்கும் போக முடிய வேண்டும். ஷீட்டில் இதைக் கட்டலாம், ஆனால் சீக்கிரமே சிக்கலாகிவிடும்.

ஷீட்டில் கவனிக்க வேண்டியது அது யாருடைய கணக்கில் இருக்கிறது என்பது. பெரும்பாலும் ஒருவரின் சொந்த ஜிமெயிலில் பிறந்திருக்கும். அரசுக் கல்லூரியில் அவர் மாறுதல் கலந்தாய்வில் வேறு ஊருக்குப் போய்விட்டால், துறையின் ஆவணம் அவரோடு போய்விடும்.

டே ஆர்டர் முறைக்கு விக்கி எப்படி உதவும்?

நாங்கள் விக்கிக்கு வந்ததே இதனால்தான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பள்ளியில் திங்கள் என்றால் திங்கள். நம் கல்லூரிகள் பலவற்றில் கிழமைக்கு மதிப்பில்லை. ஒன்று முதல் ஆறு வரை டே ஆர்டர் சுழலும். செவ்வாய் மூன்றாம் டே ஆர்டர், புதன் விடுமுறை என்றால் வியாழன்தான் நான்காம் டே ஆர்டர். வாரத்துக்கு ஐந்து நாள் கல்லூரி, ஆறு நாள் சுழற்சி என்றால் விடுமுறையே இல்லாவிட்டாலும் வாரத்துக்கு ஒரு நாள் நகர்ந்துகொண்டே இருக்கும். காலண்டர் செயலிகளுக்கு ‘ஒவ்வொரு திங்களும் இரண்டாம் ஹவர்’ என்பது புரியும். டே ஆர்டர் என்ற ஒன்றே அவற்றுக்குத் தெரியாது.

அப்புறம் மழை. ஒற்றைப்படை செமஸ்டரின் பின்பாதி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகிறது. மாவட்ட ஆட்சியர் காலையில் விடுமுறை அறிவித்தால் அன்றைய டே ஆர்டர் அடுத்த வேலை நாளுக்குப் போகும். கல்லூரி அச்சடித்துக் கொடுத்த நாட்காட்டியில் அன்றைக்குப் பின்னால் உள்ளதெல்லாம் அதோடு செல்லாது.

யோசித்துப் பார்த்தால் இங்கே இரண்டு தகவல்கள் கலந்து கிடக்கின்றன. எந்த டே ஆர்டரில் எந்த ஹவர் யாருக்கு என்பது ஒன்று. செமஸ்டர் முழுக்க அது அநேகமாக மாறாது. எந்தத் தேதிக்கு எந்த டே ஆர்டர் என்பது இன்னொன்று. அது மழையைப் பொறுத்தது. இரண்டையும் தனித்தனிப் பக்கங்களாகப் பிரித்ததும் பாதிப் பிரச்சினை போய்விட்டது. தேதிப் பக்கத்தை மட்டும் ஒருவர் திருத்துவார். ஆசிரியர்களின் பக்கம், வகுப்புகளின் பக்கம், ஆய்வகத்தின் பக்கம் எல்லாம் அந்தத் தேதிப் பக்கத்தையே உள்ளே இழுத்துக் காட்டும். டோக்குவிக்கியில் இதற்கு ‘இன்க்ளூட்’ என்ற செருகுநிரல் இருக்கிறது. விக்கிப்பீடியா ஓடும் மென்பொருளான மீடியாவிக்கியில் தனியாக எதுவும் சேர்க்க வேண்டாம், இரட்டை நெளி அடைப்புக்குறிக்குள் ஒரு முக்காற்புள்ளி (:) வைத்துப் பக்கத்தின் பெயரை எழுதினால் போதும்.

நடைமுறையில் ஒரு யோசனை: முழு செமஸ்டருக்கும் தேதிகளைப் போடாதீர்கள். அடுத்த இரண்டு வாரத்துக்கு மட்டும் போடுங்கள். நடுவில் ஒரு நாள் விழுந்தால் கீழே உள்ள எல்லா வரியையும் நகர்த்த வேண்டும், விக்கி அட்டவணையில் அது சலிப்பான வேலை. இரண்டு வாரம் என்றால் பத்துப் பன்னிரண்டு வரிதான். நீண்ட பட்டியல் வேண்டுமென்றால் எக்செல்லில் சூத்திரம் போட்டு டே ஆர்டரை நகர்த்திவிட்டு, முடிவை மட்டும் விக்கிக்குக் கொண்டுவாருங்கள்.

ஆய்வகம், புரொஜெக்டர் முன்பதிவை விக்கியில் வைத்தால் இரண்டு பேர் ஒரே ஹவரை எடுத்துவிட மாட்டார்களா?

எடுக்கலாம். விக்கி தடுக்காது. விக்கியை எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், அதனால் நான் சொல்லிவிடுகிறேன். விக்கி பக்கம் என்பது வெறும் எழுத்து. ஒரு கட்டத்தில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது, எழுதாதே என்று அது சொல்லாது.

ஆனால் ஒரு துறைக்குள், பத்துப் பதினைந்து பேருக்குள், கட்டத்தில் பெயர் இருப்பதே தடுப்பாகிவிடுகிறது. ஒருவர் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதினால் பக்க வரலாற்றில் நேரத்தோடு தெரியும் என்பது எல்லாருக்கும் தெரியும். எங்களிடம் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது: ஆய்வகம், துறை புரொஜெக்டர், மைக் செட். வரிசையில் தேதி, மேலே ஹவர். காலிக் கட்டத்தில் பெயரின் முதலெழுத்துகளையும் வகுப்பையும் எழுத வேண்டும். முதலில் சேமித்தவருக்கு உரிமை. செய்முறைத் தேர்வு, மாடல் தேர்வு வந்தால் மட்டும் இந்த விதி பொருந்தாது என்று பக்கத்தின் மேலேயே எழுதியிருக்கிறது.

60 பேர் வகுப்பை 30 கணினிக்கு இரண்டு பேட்ச்சாகப் பிரிக்கும்போது எந்த ரோல் நம்பர் எந்த பேட்ச் என்பதும் அதே பக்கத்தில் இருந்தால் லேப் உதவியாளருக்கு வசதி.

கருத்தரங்கக் கூடம் போல எல்லாத் துறையும் போட்டியிடும் இடத்துக்கு விக்கி வேண்டாம். அதற்கு எம்ஆர்பிஎஸ் என்ற இலவச முன்பதிவு மென்பொருள் இருக்கிறது. ஒரே நேரத்துக்கு இரண்டு பதிவை அது ஏற்காது. அதுவும் வேண்டாமென்றால் அலுவலகப் பதிவேடே நல்லது.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தைத் திருத்தினால் என்ன ஆகும்?

டோக்குவிக்கி முதலில் திறந்தவருக்குப் பக்கத்தைப் பூட்டிக்கொடுக்கும். இரண்டாமவர் திறந்தால் இன்னார் திருத்திக்கொண்டிருக்கிறார் என்று காட்டும். இயல்பான பூட்டு நேரம் 15 நிமிடம். முதலாமவர் தட்டிக்கொண்டே இருந்தால் அது நீளும், திறந்து போட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டால் காலாவதியாகிவிடும். மீடியாவிக்கி பூட்டாது. இருவரையும் எழுத விட்டு, ஒரே இடத்தில் கைவைத்திருந்தால் இரண்டாவதாகச் சேமிப்பவரிடம் இரண்டு வடிவத்தையும் காட்டி ஒன்றாக்கச் சொல்லும். முன்பதிவுப் பக்கத்துக்குப் பூட்டுவதே பொருத்தம்.

யாராவது முழுப் பக்கத்தையும் அழித்துவிட்டால்?

பழைய பதிப்புகளைத் திறந்து, நேற்றைய பதிப்பைத் தேர்ந்து, மீட்டெடுக்கலாம். ஒரு நிமிட வேலை. புதிதாக வருபவர்களிடம் இதை முதல் நாளே செய்து காட்டிவிடுங்கள். பயம் போனால்தான் திருத்துவார்கள்.

விடுப்பு எடுக்கும்போது ஆல்டர்நேட் அரேஞ்ச்மென்ட்டை இதில் செய்யலாமா?

செய்யலாம். சிஎல் படிவத்தில் மாற்று ஆசிரியர் கையெழுத்து கட்டாயம் என்றால் அது காகிதத்தில்தான் நடக்கும், விக்கி அதை மாற்றப்போவதில்லை. ஆனால் மாற்றாக வருபவர் வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்பது படிவத்தில் இருக்காது. ஒவ்வொரு தாளுக்கும் ‘எதுவரை நடந்தது’ என்று ஒரு பக்கம் வைத்து, வகுப்பு முடிந்ததும் தேதி, டே ஆர்டர், நடத்திய தலைப்பு என்று ஒரு வரி சேர்த்தால் போதும். மாற்றாக வருபவர் அதைப் பார்த்துவிட்டு அடுத்த தலைப்பை எடுக்கலாம், அல்லது அங்கேயே இணைத்திருக்கும் கணக்குகளைப் போடவைக்கலாம். ‘சும்மா படிச்சிட்டு இருங்க’ வகுப்புகள் எங்களிடம் நன்றாகக் குறைந்துவிட்டன.

எந்த மென்பொருளை எடுக்கலாம்?

துறை அளவுக்கு டோக்குவிக்கி. ஆண்ட்ரியாஸ் கோர் என்ற ஜெர்மானியர் 2004-ல் உருவாக்கியது. இதற்குத் தரவுத்தளம் வேண்டாம், பிஎச்பி என்ற நிரல் மொழி சர்வரில் ஓடினால் போதும். ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. நாளைக்கே மென்பொருள் கெட்டுப்போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். எந்தப் பகுதியை யார் படிக்கலாம், யார் திருத்தலாம், யார் கோப்பு ஏற்றலாம் என்று பிரித்துக் கொடுக்கவும் முடியும்.

விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கி பெரியது, பலம் மிக்கது, தமிழ் இடைமுகமும் நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லாரும் எல்லாவற்றையும் படிக்கலாம் என்ற எண்ணத்தில் கட்டியது அது. சில பக்கங்களை மட்டும் சிலருக்கு மறைப்பது அதில் நம்பகமாக அமையாது. வினாத்தாள் வரைவு வைக்கும் இடத்துக்கு அது சரிவராது.

கல்லூரியில் ஏற்கெனவே மூடுல் என்ற இணையவழிப் பாட மேலாண்மை மென்பொருள் இருந்தால் அதற்குள்ளேயே ஒரு விக்கி இருக்கிறது. மாணவர் குழுப் பணிக்கு அது நல்லது, ஆசிரியர்களின் பொது அலமாரியாக இருக்க அது போதாது. தனி ஆசிரியர் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் டிட்லிவிக்கி. முழு விக்கியும் ஒரே எச்டிஎம்எல் கோப்புதான், பென்டிரைவில் போட்டுக்கொண்டு போகலாம்.

சர்வருக்கு எங்கே போவது?

ஆய்வகத்தில் ஓரமாக வைத்த பழைய கணினி ஒன்று, அதில் லினக்ஸ், கல்லூரி வலைக்குள் ஒரு நிலையான முகவரி. இவ்வளவு இருந்தால் போதும். அதை யுபிஎஸ் இருக்கும் பக்கம் வையுங்கள். வீட்டிலிருந்தும் பார்க்க வேண்டுமென்றால் வருடச் சந்தாவில் கிடைக்கும் சாதாரண ஹோஸ்டிங் எடுக்கலாம். அப்போது இரண்டு விஷயம் கட்டாயம்: கணக்கு தானாகத் திறக்கும் வசதியை மூடிவிட வேண்டும், மென்பொருள் புதுப்பிப்பைத் தள்ளிப்போடக் கூடாது. திறந்து கிடக்கும் விக்கியை விளம்பர ரோபோக்கள் வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிடும்.

இலவசமாக விக்கி தரும் தளங்கள் இருக்கின்றனவே?

ஆசிரியர்களிடையே ஒரு காலத்தில் மிகப் பிரபலமாக இருந்தது விக்கிஸ்பேசஸ். 2005-ல் தொடங்கியது, வகுப்பறைகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. 2018-ல் மூடிவிட்டார்கள். முன்னறிவிப்பு வந்தது, பதிவிறக்கிக்கொள்ள வழியும் இருந்தது. ஆனாலும் கவனிக்காமல் விடப்பட்ட பக்கங்கள் போனது போனதுதான். எந்தத் தளமானாலும் எழுத்தையும் கோப்புகளையும் மொத்தமாக வெளியே எடுக்க முடியுமா என்று முதல் நாளே பார்த்துவிட்டு உள்ளே போங்கள். வருடத்துக்கு ஒருமுறை எடுத்தும் வையுங்கள்.

பாடப் பொருட்களை எப்படி அடுக்குவது? பேப்பர் கோடு வாரியாகவா?

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். தாளின் குறியீடு, அதற்குள் ஐந்து யூனிட், ஒவ்வொரு யூனிட்டிலும் பிபிடி, குறிப்பு, வினாவங்கி. முதல் வருடம் அழகாக இருக்கும். பாடத்திட்டம் மாறும்போது குறியீடு மாறும், இரண்டாம் யூனிட்டில் இருந்தது நான்குக்குப் போகும், பிஎஸ்சி தாளில் இருந்த ஒரு தலைப்பு பிசிஏவிலும் வரும். அப்போது ஒரே குறிப்பு மூன்று இடத்தில் நகலாகும். ஒன்றில் பிழை திருத்தினால் மற்ற இரண்டில் பிழை அப்படியே நிற்கும்.

அதனால் தலைப்பு வாரியாக எழுதுங்கள். ‘ஸ்டாக்’, ‘பைனரி சர்ச் ட்ரீ’, ‘ஹாஷிங்’ என்று தலைப்புக்கு ஒரு பக்கம். விளக்கம், கரும்பலகையில் போடும் உதாரணம், மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம், கணக்குகள், முந்தைய தேர்வுக் கேள்விகள் எல்லாம் அங்கே இருக்கட்டும். பேப்பர் கோடு பக்கம் மெலிதாக இருக்கட்டும்: யூனிட்டின் பெயர், கீழே தலைப்புகளுக்கு இணைப்பு, அவ்வளவுதான். பாடத்திட்டம் மாறினால் புது மெலிந்த பக்கம் ஒன்றை அரை மணியில் எழுதிவிடலாம். தலைப்புப் பக்கத்தைத் தொடவே வேண்டாம்.

‘மாணவர்கள் தடுமாறும் இடம்’ என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். பாடப்புத்தகத்தில் கிடைக்காதது அது ஒன்றுதான். ஒரே தலைப்பைப் பல வருடம் நடத்திய இருவர் தனித்தனியே எழுதியதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒருவருக்கொருவர் தெரியாதது நிறைய வெளியே வரும்.

பிபிடியை அப்படியே ஏற்றினால் போதுமா?

ஏற்றலாம், முதலில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். பிஎச்பியின் இயல்பான ஏற்ற அளவு 2 எம்பி என்பதால் முதல் பிபிடியே தடுமாறும். சர்வர் அமைப்பில் அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் பிபிடிக்குள் இருப்பதை விக்கியின் தேடல் பார்க்காது, இன்னொருவர் ஒரு வரியைத் திருத்த நினைத்தால் இறக்கி, திருத்தி, மறுபடி ஏற்ற வேண்டும். எழுத்தைப் பக்கத்தில் எழுதிவிட்டு, படம் நிறைந்த ஸ்லைடுகளை மட்டும் இணையுங்கள். பிடிஎஃப் மட்டும் வேண்டாம், திருத்தக்கூடிய மூலத்தையும் சேர்த்து வையுங்கள்.

பக்கங்களுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம், ஒரு எச்சரிக்கையோடு. யுனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். டோக்குவிக்கி இயல்பாகக் கோப்புப் பெயரை சதவீதக் குறியாக்கத்தில் (ஒரு பைட்டுக்கு மூன்று இடம்) சேமிப்பதால் ஒரு குறிக்கு 9 இடம் பிடிக்கும். ‘தமிழ்’ என்று எழுதினால் கண்ணுக்கு மூன்று எழுத்து. யுனிகோடில் 5 குறி. கோப்புப் பெயரில் 45 இடம். லினக்ஸில் கோப்புப் பெயரின் எல்லை 255. ஆக ஏறக்குறைய 25 குறிகளைத் தாண்டினாலே பக்கம் சேமிக்க மறுக்கும். ‘சங்க இலக்கியத்தில் உள்ளுறை உவமம்’ என்று வைக்கப் பார்த்தால் முடியாது, காரணமும் திரையில் புரியாது.

கோப்புப் பெயரை நேராக யூடிஎஃப்-8 ஆகவே சேமிக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. பக்கம் எழுத ஆரம்பிக்கும் முன்பே அதை மாற்றிவிட வேண்டும், இடையில் மாற்றினால் பழைய பக்கங்கள் காணாமல் போனது போலாகும். அல்லது பக்கத்துக்கு ஆங்கில எழுத்தில் சிறு பெயர் வைத்துவிட்டு, உள்ளே முதல் தலைப்பை முழுத் தமிழில் எழுதி, இணைப்புகளில் அந்தத் தலைப்பே தெரியும்படி அமைத்துக்கொள்ளலாம். நான் இரண்டாவது வழிக்காரன். வாட்ஸ்அப்பில் அனுப்பும் இணைப்பு சின்னதாக இருக்கும்.

தமிழ்த் துறை நண்பர்களுக்கு இன்னொரு தலைவலி பழைய எழுத்துரு. வானவில், பாமினியில் தட்டிய வினாத்தாளை அப்படியே ஒட்டினால் குப்பையாக வரும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றி ஒன்றில் யுனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். தமிழக அரசு 2010-லேயே யுனிகோடை ஏற்றுவிட்டது. நம் கணினிகளில்தான் இன்னும் வானவில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாணவர்களைத் திருத்த விடலாமா?

அவர்களுக்கென்று தனிப் பகுதி கொடுங்கள். ஆசிரியர் பக்கங்களைப் படிக்க மட்டும் அனுமதி. முந்தைய தேர்வுக் கேள்விகளுக்கு விடை எழுதிச் சேர்ப்பது, லேப் பயிற்சிகளில் வரும் பிழைச் செய்திகளையும் தீர்வுகளையும் தொகுப்பது, இரண்டும் மாணவர்களிடம் நன்றாக எடுபடும்.

மதிப்பெண்ணுக்காக என்றால் யோசியுங்கள். யார் எத்தனை முறை திருத்தினார் என்று பக்க வரலாற்றைப் பார்த்து மார்க் போடலாம் என்பார்கள். உண்மையில் நான்கு பேர் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசி, ஒருவர் செல்போனிலிருந்து மொத்தமாக ஒட்டுவார். வரலாற்றில் அவர் ஒருவர் பெயர்தான் இருக்கும். கமா போட்டு எடுத்து எண்ணிக்கையைக் கூட்டும் கலையும் அவர்களுக்குத் தெரியும். பக்கத்தைப் பார்த்து ஒரு மார்க், வைவாவில் ஒரு மார்க் என்று வைப்பதே நியாயம்.

மூத்த ஆசிரியர்கள் எழுதவே மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

கட்டாயப்படுத்தி எழுதவைத்த விக்கியை நான் எங்கும் பார்த்ததில்லை. சுற்றறிக்கை வரும், எல்லாரும் ஒரு பக்கம் போடுவார்கள், அதோடு முடிந்தது. நடப்பது வேறு வழியில்தான். அவர்களுக்கு ஏற்கெனவே தேவைப்படும் ஒன்று விக்கியில் மட்டும் கிடைக்க வேண்டும். எங்களிடம் அது டே ஆர்டர் பக்கம். முதலில் எல்லாரும் பார்க்க மட்டும் வந்தார்கள். பார்க்க வந்த இடத்தில் தன் பெயர் தப்பாக இருந்தால் திருத்தாமல் போக யாருக்கும் மனம் வராது.

கையால் எழுதித்தான் பழக்கம் என்கிற சார் ஒருவரின் நோட்டைப் படமெடுத்து இணையுங்கள். யாராவது ஒரு இளைய ஆசிரியர் மெதுவாகத் தட்டிச் சேர்க்கட்டும், பக்கத்தில் சாரின் பெயர் இருக்கட்டும். வரலாற்றில் தட்டியவர் பெயர்தான் பதிவாகும் என்பதால் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அப்புறம், நோட்டீஸ் போர்டில் எச்ஓடி கையெழுத்திட்ட காகித அட்டவணை தொங்கட்டும். அதை எடுக்கச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். காகிதத்தின் கீழே ‘இன்றைய நிலை விக்கியில்’ என்று ஒரு வரி, ஒரு க்யூஆர் குறி போதும்.

புத்தகப் பக்கங்களை ஸ்கேன் செய்து போடலாமா?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் பிரிவு 52, கற்பித்தலின் போது ஆசிரியரும் மாணவரும் நகலெடுப்பதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடத் தொகுப்புகளை நகலெடுத்த கடைமீது பதிப்பகங்கள் போட்ட வழக்கில் 2016-ல் டெல்லி உயர்நீதிமன்றம் இதைச் சொல்லித்தான் கடைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதற்காக ஸ்கேன் செய்ததை உலகமே பார்க்கும்படி இணையத்தில் வைக்கலாம் என்று ஆகாது. வகுப்புக்கு வேண்டிய பகுதி மட்டும், உள்நுழைவுக்குப் பின்னால், என்பதே என் வழக்கம். ஐஐடிகள் இணையத்தில் தரும் என்பிடெல் பாடங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தில் வருபவை. மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிரலாம்.

விக்கியில் எதைப் போடக் கூடாது?

மாணவர்களின் மதிப்பெண், வருகைக் குறைவுப் பட்டியல், தொலைபேசி எண், சாதிச் சான்றிதழ் விவரம். விக்கியின் பலமே இங்கே பலவீனம்: அழித்தாலும் பழைய பதிப்பில் இருக்கும். முதலாமாண்டில் சேருபவர்களில் 17 வயதினரும் இருப்பார்கள். 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18-க்குக் கீழே உள்ளவரைக் குழந்தை என்றே கருதுகிறது. நடத்தப்போகும் தேர்வின் வினாத்தாளையும் வைக்காதீர்கள், எவ்வளவு பூட்டு இருந்தாலும்.

கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் நாக் அமைப்பின் ஆய்வு வரும்போது உதவுமா?

உதவும். பாடத்திட்ட அட்டவணை எப்போது எழுதப்பட்டது, எதுவரை நடந்தது என்பதெல்லாம் தேதியோடு இருக்கும். ஆய்வுக்கு முந்தைய வாரம் உட்கார்ந்து ஒரே பேனாவில் ஐந்து வருடக் கோர்ஸ் ஃபைல் எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த வாரம் கொஞ்சம் குறையும். ஆனால் நாக்குக்காகவே விக்கி தொடங்கினால் நாக் போனதும் விக்கியும் போய்விடும்.

கல்வி சார்ந்த விக்கிகளை எங்கே பார்க்கலாம்?

கேரளத்தின் ஸ்கூல்விக்கியைப் பாருங்கள். மாநிலப் பள்ளிகளுக்கெல்லாம் தனித்தனிப் பக்கம், மலையாளத்தில், அரசின் கைட் நிறுவனம் நடத்துகிறது. கர்நாடகத்தில் பெங்களூரின் ஐடி ஃபார் சேஞ்ச் அமைப்பு கல்வித் துறையோடு சேர்ந்து உருவாக்கிய கோயர் என்ற திறந்த கல்வி வளத் தளமும் மீடியாவிக்கிதான். ஆசிரியர்கள் எழுதிய பாடப் பக்கங்கள் தலைப்பு வாரியாக அடுக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். தமிழில் பெரிய அளவில் மீடியாவிக்கியில் ஓடுவது இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவைக்கும் நூலகம் தளம். பாடம் நடத்தும் தளம் அல்ல, ஆனாலும் ஆயிரக்கணக்கான ஆவணங்களை விக்கியில் எப்படி வகைப்படுத்தலாம் என்பதற்கு அதைவிட நல்ல மாதிரி தமிழில் இல்லை. இவற்றில் எதுவும் டைம்டேபிள் போடாது. அது ஒவ்வொரு துறையும் தனக்குத் தானே செய்துகொள்ள வேண்டியது.

பொறுப்பாளர் மாறினால் விக்கி நின்றுவிடாதா?

பல இடங்களில் நின்றிருக்கிறது. நிர்வாகக் கணக்கு இரண்டு பேரிடமாவது இருக்க வேண்டும், கடவுச்சொல் ஒரு மூடிய உறையில் எச்ஓடி பீரோவில் இருக்க வேண்டும். டோக்குவிக்கியில் ‘டேட்டா’, ‘கான்ஃப்’ என்ற இரண்டு கோப்புறைகளை நகலெடுத்தால் பக்கங்கள், பழைய பதிப்புகள், ஏற்றிய கோப்புகள், பயனர் கணக்குகள் எல்லாம் வந்துவிடும். வெள்ளிக்கிழமைதோறும் லேப் உதவியாளர் அதை வேறொரு கணினிக்கு எடுத்து வைக்கிறார். ஏப்ரலில் செமஸ்டர் முடிந்ததும் முன்பதிவுப் பக்கங்களைப் பழைய ஆவணப் பகுதிக்கு நகர்த்திவிட்டு, நகலிலிருந்து ஒருமுறை முழு விக்கியையும் வேறு கணினியில் எழுப்பிப் பாருங்கள். எழும்பாத நகலை வைத்துக்கொண்டு பயனில்லை. அதை ஜூனில் தெரிந்துகொள்வதைவிட ஏப்ரலில் தெரிந்துகொள்ளலாம்.